வாயில் குண்டூசி

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. உனக்கு ஒரு தும்மல் வந்தாலும் தெருக்கோடி வரை கேட்கும், இந்நேரம் எனக்கும் செய்தி வந்திருக்கும். அண்ணி நலம்தானே?

போனை எடுக்காமல் இதென்ன புதுசாகக் கடிதம் என்று முதல் வரியிலேயே முகத்தைச் சுளிக்காதே. போனில் நான் ‘அண்ணா’ என்று ஆரம்பித்தால் மீதியை நீயே பேசி, நீயே பதில் சொல்லி, நீயே வைத்துவிடுகிறாய். நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நிற்கிறது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் இனிமேல் எல்லாம் காகிதத்தில்தான். நீயும் அப்படியே பதில் போடு.

விஷயம் இதுதான். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடுகிறேன் என்று தெரியும் அல்லவா? சாயங்காலத்தில் இங்கே கல்லூரியில் வெப் டிசைன் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். அதுவும் இடைநிலை வகுப்பில். முதல் நிலையை நானே வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். ஒரு தேர்வு வைத்துப் பார்த்து நேராக இதில் போட்டுவிட்டார்கள். முதல் நிலையில் ஒரு பக்கம் செய்யக் கற்றுத்தருவார்கள். இங்கே அந்தப் பக்கம் பெரிய கம்ப்யூட்டரிலும் நிற்க வேண்டும், உள்ளங்கையில் இருக்கும் போனிலும் நிற்க வேண்டும், முன்பின் தெரியாத ஒருவர் யாரையும் கேட்காமல் அதில் தன் வேலையை முடித்துக்கொண்டு போகவும் வேண்டும். கடைசியில் சொன்னதுதான் உயிரை வாங்குகிறது.

எங்கள் ஆசிரியைக்கு ‘உஷ்’ என்று பட்டப்பெயர். நாங்கள் செய்த பக்கத்தை இன்னொருவர் பயன்படுத்திப் பார்க்கும்போது, செய்தவர் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாயே திறக்கக்கூடாது. திறந்தால் ‘உஷ்!’ தவறு செய்கிறவரைத் திருத்தாதே, பக்கத்தைத் திருத்து என்பார். எனக்கு முதல் நாளே அவரைப் பிடித்துப்போயிற்று. ஏன் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

கோர்ஸ் முடிவதற்குள் நிஜமான ஒரு வாடிக்கையாளருக்கு நிஜமான ஓர் இணையதளம் செய்து காட்ட வேண்டும். நம் கர்ட்டன் கடைக்குச் செய்கிறேன். நீதான் வாடிக்கையாளர். கடைக்கு வருகிறவர்கள் முதலில் என்ன கேட்கிறார்கள், ஜன்னலை அளந்துகொண்டு வருகிறவர்கள் எங்கே தப்பு செய்கிறார்கள், எதில் மனம் மாறுகிறார்கள் என்று எழுது. இதற்கு மட்டும் பதில்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோர்ஸ் முடிந்ததும் இங்கேயே வேலை தேடுவதா, கடைக்குத் திரும்புவதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அப்பா அதை நம் இருவருக்கும் விட்டுப்போனார். அங்கே என் பேச்சு எடுபடும் என்றால் வருவேன். கத்தரிக்கோல் எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் வேண்டும் என்றால் வரமாட்டேன்.

அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை

(‘வாண்டு’ என்று உறை மேல் எழுதாதே. தபால்காரர் சிரிப்பார்.)


ஜனவரி 17

அருமை வாண்டுக்கு,

நீங்கள் எல்லோரும் ரேடியோ என்று கேலி செய்யும் உன் அண்ணன் எழுதுவது. உறை மேல் எழுதவில்லை, உள்ளே எழுதலாம் அல்லவா?

உன் கடிதம் கிடைத்தது. கடையில் உரக்கப் படித்துக்காட்டினேன். நம் தையல்காரர் ஒருவருக்கு ஒரே சிரிப்பு. உன் அண்ணி ஆஸ்பத்திரி லேப் வேலை முடிந்து வந்ததும் அவளுக்கும் படித்தேன். ‘உங்க வாய அடைக்க இப்பவாவது ஒருத்தி வழி கண்டுபிடிச்சாளே’ என்றாள். யாருக்கு எதிராக எல்லோரும் கூட்டணி போடுகிறீர்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை.

வெப் டிசைன் படிக்கிறாய் என்றதும் தலைகால் புரியாத சந்தோஷம். பக்கத்துச் செருப்புக் கடைக்காரரிடம், எதிர் மருந்துக் கடையில், பஸ்ஸில் என் அருகே உட்கார்ந்த ஒருவரிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது. அந்த மனிதர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். பாவம், அவசர வேலை போலிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தளம் எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கிறேன். திறந்தவுடனே திரை முழுக்க ஒரு பெரிய மெரூன் கர்ட்டன். அது இரண்டாகப் பிரிந்து மெதுவாகத் திறக்க வேண்டும். பின்னணியில் நாதஸ்வரம் இல்லாவிட்டாலும் ஏதாவது ஒரு மங்கலமான இசை. உள்ளே அப்பா படம். அதன் கீழே நான் பேசும் வீடியோ, சின்னதாக, ஒரு இருபது நிமிடம் போதும். எழுத்தெல்லாம் சிவப்பில். ஒவ்வொரு வரிக்கும் கீழே நம் போன் நம்பர்.

கடைக்கு வா, வராதே என்று நான் சொல்லவில்லை. ஆனால் உன் நாற்காலியில் துணிக்கட்டு வைக்க யாரையும் விடவில்லை. அதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அன்பு அண்ணன்

பின்குறிப்பு: உன் கேள்விகளுக்குப் பதில் எழுத மறந்துவிட்டேன். முதலில் எல்லோரும் கேட்பது ‘துவைச்சா சாயம் போகுமா?’

இன்னொரு பின்குறிப்பு: அளவில் எல்லோரும் தப்புதான் செய்கிறார்கள். அதனால்தான் நானே போய் அளக்கிறேன்.

மற்றுமொரு பின்குறிப்பு: எதில் மனம் மாறுகிறார்கள் என்று தெரியாது. நான் பேச ஆரம்பித்ததும் சரி சரி என்று வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.


பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை வகுப்பில் ‘வாடிக்கையாளரின் விருப்பங்கள்’ என்ற தலைப்பில் படித்தேன். கல்யாண போட்டோ எடுக்கிறவர் ஒருவர் எங்களோடு படிக்கிறார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இருபது நிமிட வீடியோ என்றதும் ‘உஷ்’ ஆசிரியை கூடக் கொஞ்சம் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

திறக்கும் மெரூன் கர்ட்டன் கிடையாது. அவசரமாக ஜன்னல் அளவு கொடுக்க வந்தவர் அது விலகும் வரை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்காரமாட்டார். இசை கிடையாது. சிவப்பு எழுத்து கண்ணைக் குத்தும். வயதானவர்களால் படிக்கவே முடியாது. அப்பா படம் வைக்கிறேன். போன் நம்பர் ஒரே இடத்தில், கட்டைவிரல் எட்டுகிற இடத்தில்.

உன் மூன்றாவது பின்குறிப்பை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

இத்துடன் ஒரு கட்டு அட்டைகள் வருகின்றன. கம்ப்யூட்டரில் கை வைக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் அட்டையில் வரைந்து சோதிக்க வேண்டும் என்பது எங்கள் வகுப்பு வழக்கம். வரைந்திருக்கும் பொத்தான் மேல் ஒருவர் விரலை வைத்தால், இன்னொருவர் அடுத்த அட்டையை எடுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். அண்ணியை உட்காரவைத்து, நம் வீட்டுக் கூடத்து ஜன்னலுக்கு கர்ட்டன் ஆர்டர் செய்யச் சொல். அட்டையை மாற்றுவது உன் வேலை. அண்ணி தடுமாறினால் எங்கே தடுமாறினார் என்று குறித்துக்கொள். உதவி செய்யாதே. வாயைத் திறக்காதே. அண்ணா, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் தங்கை


பிப்ரவரி 14

அருமை வாண்டுக்கு,

சோதனை நடந்தது. நல்லபடியாக நடந்தது என்று எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். உன் அண்ணி தோள் மேல் நின்று எட்டிப் பார்க்கிறாள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஞாயிறு காலை. காபி குடித்துவிட்டு உட்கார்ந்தோம். முதல் அட்டையில் அவள் துணியைத் தேடி விரல் வைத்தாள். நான் மாற்றினேன். இரண்டாவதிலும் அப்படியே. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில்தான் வாய் தவறிவிட்டது.

“பாத்தியா, நான் பேசவே இல்ல!” என்றேன்.

“இப்பப் பேசிட்டீங்க,” என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்தது அளவு கேட்கும் அட்டை. அவள் டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஜன்னல் கண்ணாடியை அளக்கிறாள்! வெறும் கண்ணாடியை! எனக்கு உடம்பெல்லாம் பதறியது. கண்ணாடி அளவுக்குத் தைத்தால் இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் அடிக்காதா? நீயே சொல்.

“கண்ணாடிய அளக்காதடி! சுவர அள! ரெண்டு பக்கமும் ஒரு கை தள்ளி அள!”

“வெளிய போங்க,” என்றாள்.

போனேன். ஆனால் கூடத்து ஜன்னல் தெருப்பக்கம்தானே இருக்கிறது? வெளியில் நின்றுகொண்டு, கண்ணாடி வழியாக, வாயைத் திறக்காமல் இரண்டு கையையும் அகல விரித்து விரித்துக் காட்டினேன். அந்த வழியாக வந்த செருப்புக் கடைக்காரர் உடற்பயிற்சி என்று நினைத்து என் பக்கத்தில் நின்று அவரும் கையை விரிக்க ஆரம்பித்துவிட்டார். உன் அண்ணி சிரித்த சிரிப்பில் அட்டையெல்லாம் கலைந்துபோயிற்று.

ஆக, அளவு கேட்கும் இடத்தில் தடுமாற்றம். குறித்துக்கொள்.

இப்படிக்கு,
வெளியே அனுப்பப்பட்ட அண்ணன்

பின்குறிப்பு: அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். அடுத்த முறை சரியாக அளப்பாள்.


மார்ச் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

செருப்புக் கடைக்காரர் வந்த இடத்தில் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி என்ன என்று கேட்டு, நான் சொல்லி, அவரும் சிரித்தார். ஆனால் கடைசியில் உன் பின்குறிப்பைப் படித்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று.

அண்ணி கண்ணாடியை அளந்தது அண்ணியின் தப்பு இல்லை, என் அட்டையின் தப்பு. ‘ஜன்னல் அகலம்’ என்று எழுதினால் யாரும் ஜன்னலைத்தானே அளப்பார்கள்? இப்போது ஒரு படம் வரைந்து, சுவரில் எங்கே டேப்பை வைக்க வேண்டும் என்று கோடு போட்டிருக்கிறேன். நீ கத்தாமல் இருந்திருந்தால் அண்ணி அடுத்து என்ன செய்திருப்பார், தானாகவே சந்தேகப்பட்டிருப்பாரா என்று எனக்குத் தெரிந்திருக்கும். நீ சொல்லிக்கொடுத்துவிட்டாய். இனி அண்ணியை வைத்துச் சோதிக்கவே முடியாது.

மூன்றாவது பின்குறிப்பைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன் என்றேன். இப்போது எழுதுகிறேன்.

போன வருஷம் டாக்டரம்மா வீட்டுக் கூடம் நினைவிருக்கிறதா? மேற்கு பார்த்த பெரிய ஜன்னல். நான் மழைமேக நிறத் துணியை எடுத்து விரித்தேன். அவர் தொட்டுப்பார்க்கக் கை நீட்டினார். அதற்குள் நீ, “அவ சின்னப் பொண்ணு, அவளுக்கு என்னம்மா தெரியும்?” என்று சிரித்துக்கொண்டே மெரூனை அதன் மேல் போட்டாய். நீட்டிய கை அப்படியே நின்றது. அவர் சரி சரி என்று மெரூனை வாங்கினார். நீ அதை மறந்திருப்பாய். எனக்கு அந்தக் கை இன்னும் கண்ணில் நிற்கிறது. நீ கெட்டவன் இல்லை அண்ணா. ஆனால் நீ பேசும்போது பக்கத்தில் நான் இல்லாமல் போய்விடுகிறேன்.

கல்யாண போட்டோக்காரர் சொந்தமாக ஓர் அலுவலகம் வைத்திருக்கிறார். என் வேலையைப் பார்த்துவிட்டு, கோர்ஸ் முடிந்ததும் அவரிடம் சேரச் சொல்கிறார். நல்ல மனிதர். நான் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் பேசுகிறார்.

ஏப்ரலில் இறுதித் தேர்வு. யாரோ ஒரு புதியவர் என் தளத்தைப் பயன்படுத்திப் பார்ப்பார். நானும் வாடிக்கையாளரும் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். இருவரில் யார் வாய் திறந்தாலும் மதிப்பெண் குறையும். நீ வர வேண்டாம். அண்ணியை அனுப்பு. கோபித்துக்கொள்ளாதே.

உன் தங்கை


மார்ச் 15

வாண்டுக்கு,

கோபித்துக்கொள்ளாதே என்று எழுதியிருந்தாய். கோபித்துக்கொண்டேன். இரண்டு நாள் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று கூடச் சொல்லவில்லை. உன் அண்ணி ஜுரமோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நான் வாயாடிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு டாக்டரம்மா வீட்டில் நீ ஒரு வார்த்தை சொன்னாயா? ‘அண்ணா, சும்மா இரு, அவங்க பாக்கட்டும்’ என்று ஒரு அதட்டு அதட்டியிருந்தால் நான் அடங்கியிருப்பேனா இல்லையா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். அடுத்த மாதம் பெட்டியைக் கட்டினாய். எதற்கு என்று ஒரு வருஷம் கழித்துக் கடிதத்தில் தெரிகிறது. நான் ரேடியோ என்றால் நீ பூட்டு. சாவியையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

சரி, திட்டி முடித்துவிட்டேன். இப்போது ஒரு சேதி.

வாயை மூடப் பழகுகிறேன். எப்படி என்று கேள். துணிக்கு மடிப்புப் பிடிக்கும்போது குண்டூசியை உதட்டில் கவ்விக்கொள்வோம் அல்லவா? அதேதான். யாராவது கடைக்குள் வந்தால் உடனே நாலைந்து குண்டூசியைக் கவ்விக்கொள்கிறேன். பேச முடியாது, பேசினால் குத்தும். முதல் நாள் ஒருவர் பயந்துபோய்த் திரும்பிவிட்டார். தையல்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள்.

திங்கட்கிழமை தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் அம்மா வந்தார். நம் கடைக்கு எத்தனையோ வருஷமாக வருகிறவர். எப்போதும் மெல்லிய பூப்போட்ட துணிதான் எடுத்துக் கொடுப்பேன். அன்றைக்கு வாயில் ஊசி. நான் ஒன்றும் சொல்லாததால் அவர் கொஞ்ச நேரம் துணிகளைப் புரட்டினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்:

“எனக்கு நல்லா தடிமனா, இருட்டடிக்கிற மாதிரி வேணும். வீட்டுக்காரருக்கு ராத்திரி ஷிப்ட். பகல்ல தூங்கவே முடியலன்னு கஷ்டப்படுறாரு. ஒவ்வொரு தடவையும் சொல்லணும்னு வருவேன், நீங்க பேசிட்டே இருப்பீங்களா, அப்படியே மறந்துடும்.”

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துப் பார். அந்த மனிதர் என் பூப்போட்ட துணிக்குப் பின்னால் இத்தனை வருஷம் கண்ணைக் கசக்கிக்கொண்டு படுத்திருக்கிறார். அந்த அறையில் யார், எப்போது தூங்குகிறார்கள் என்று உன் தளத்தில் ஒரு கேள்வி வை. எதில் மனம் மாறுகிறார்கள் என்று கேட்டாயே, என் பேச்சில்தான். இதுதான் உன் மூன்றாவது கேள்விக்கு என் பதில். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

ஏப்ரலுக்கு நான்தான் வருகிறேன். உன் அண்ணிக்கு லீவு கிடைக்காது. கிடைத்தாலும் நான்தான் வருவேன்.

அண்ணன்

(பின்குறிப்பு எதுவும் இல்லை. கவனித்தாயா?)


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். நேரில் பார்த்ததை எதற்கு மறுபடி எழுதுகிறாள் என்று நினைக்காதே. நீ முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் நான் பார்த்தது உனக்குத் தெரியாது.

வாசலிலேயே உன் சட்டைக் காலரில் வரிசையாகக் குத்தியிருந்த குண்டூசிகளை ‘உஷ்’ ஆசிரியை பார்த்துவிட்டார். “இதெல்லாம் எதுக்கு?” என்றார். “பேசாம இருக்கறதுக்கு, டீச்சர்,” என்றாய் நீ. “அப்படியெல்லாம் ஊசி வச்சுக்கக் கூடாது. வாய நீங்களாவே மூடிக்குங்க,” என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி வாங்கிக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

சோதிக்க வந்தவர் நூலகத்தில் புத்தகம் அடுக்கும் அம்மா. துணி தேர்ந்தெடுத்தார். சுவரை அளக்கும் படத்தைப் பார்த்துச் சரியாகப் புரிந்துகொண்டார். நான் மூச்சு விட்டேன். அடுத்து ‘இந்த அறையில் யார், எப்போது தூங்குவார்கள்?’ என்ற உன் கேள்வி. அதில் போய் மாட்டிக்கொண்டார். கூடத்துக்கு கர்ட்டன் வாங்குகிறார், கூடத்தில் யார் தூங்குவார்கள்? ‘யாரும் இல்லை’ என்று ஒரு பொத்தான் கீழே இருந்தது. நான் அதைச் சின்னதாகப் போட்டுவிட்டேன். அவர் தேடுகிறார், தேடுகிறார். உன் காது சிவந்துவிட்டது. கையிரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாய். அவர் திரும்பி உன்னையே கேட்டார்: “இத விட்டுட்டுப் போகலாமா சார்?” நீ தலையைக் கூட அசைக்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாய். நாற்காலி மட்டும் கிறீச்சென்றது. அவர் தானாகவே அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்தபோது நீ விட்ட பெருமூச்சில் முன்வரிசைக் காகிதம் பறந்தது. ஆனால் மூச்சுக்கு மதிப்பெண் குறைப்பதில்லையாம். கேட்டுவிட்டேன்.

முடிந்ததும் ஆசிரியை உன்னிடம், “இப்ப நீங்க பேசலாம். இந்தத் தளத்துல என்ன மாத்தணும்?” என்றார். இனி மதியச் சாப்பாடு வரை பேசிவிட்டுத்தான் நீ உட்காருவாய் என்று நினைத்தேன். நீ எழுந்தாய்.

“அத என் தங்கச்சிகிட்ட கேளுங்க. கடை அவளோடதும்தான்,” என்றாய். உட்கார்ந்துவிட்டாய்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டர் ஒயரைச் சரிசெய்கிறவள் போல மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டேன். அங்கே சரிசெய்ய ஒயரே இல்லை.

நல்ல மதிப்பெண். அந்தப் பொத்தானைப் பெரிதாக்கிவிட்டேன். போட்டோக்காரர் இந்த வாரத்துக்குள் பதில் கேட்கிறார். நீ பஸ் ஏறும் வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பாய் என்று பார்த்தேன். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து கையாட்டிவிட்டுப் போய்விட்டாய். எனக்குக் கோபம்கூட வந்தது. பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் போவதும் ஒரு பழக்கமா?

பூட்டு தானாகத் திறந்து கேட்கிறது. அண்ணா, நான் கடைக்கு வரட்டுமா? உன் மனசில் என்ன இருக்கிறது? இப்போது பேசு.

உன் தங்கை


ஏப்ரல் 24

அன்புள்ள தங்கைக்கு,

என் மனசில் இருப்பதைக் கேட்டாய். ‘வா’ என்பதுதான் இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை. ஆனால் அது என் ஆசை. முடிவு உன்னுடையது. அந்த ஊரிலேயே இருந்தாலும் கடை உன்னுடையதுதான்.

இங்கே ஒரு வேலை பாதியில் நிற்கிறது. நம் கடை முகப்பு ஜன்னலில் தொங்கிய மெரூன் கர்ட்டனை ஊருக்கு வந்த அன்றே கழற்றிவிட்டேன். புதிதாக எதுவும் மாட்டவில்லை. சாயங்கால வெயில் நேராக என் வழுக்கை மேல் விழுகிறது. கர்ட்டன் கடையில் கர்ட்டன் இல்லையா என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். செருப்புக் கடைக்காரர் பச்சை போடச் சொல்கிறார், உன் அண்ணி கோடு போட்டது என்கிறாள். தங்கச்சி சொல்லணும் என்று மட்டும் சொல்லிவிட்டு ஊசியைக் கவ்விக்கொள்கிறேன்.

என்ன துணி?

அண்ணன்


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

மழைமேக நிறம்.

சுவரை அளந்து வை, கண்ணாடியை அல்ல. ஆனால் துணியை வெட்டிவிடாதே, நான் வந்துதான் வெட்டுவேன். போட்டோக்காரரிடம் வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். தன் ஸ்டூடியோவுக்கு கர்ட்டன் வேண்டும் என்றார். தளத்தில் போய் ஆர்டர் செய்யுங்கள் என்றேன். என் நாற்காலியில் துணிக்கட்டு ஏதாவது இருந்தால் எடுத்துவிடு.

சனிக்கிழமை காலைப் பஸ்ஸில் வருகிறேன். நிலையத்துக்கு வா, ஊசி இல்லாமல் வா. வீடு வரை நீ பேசிக்கொண்டே வரலாம். நடுநடுவே நான் குறுக்கே பேசுவேன்.

வாண்டு